பனி இல்லாத 10 மாதம்: இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணி ஆஃப் சீசனில் என்ன செய்யும்?

ஒவ்வொரு ஜனவரியிலும் நம்ம போனுக்கு ஒரு போட்டோ கட்டாயம் வந்துவிடும். கொடைக்கானல் ஏரிச் சாலை ஓரப் புல்வெளி முழுக்க வெள்ளையாக உறைபனி. பைக் சீட்டில் படிந்த பனியை விரலால் சுரண்டிக் காட்டும் ஒரு வீடியோவும் கூடவே வரும். "திண்டுக்கல் மாவட்டமா இது?" என்று கேட்டு நாமும் ஸ்டேட்டஸ் வைப்போம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் வந்துவிடும், பனி போய்விடும். மலையிலிருந்து கீழே வத்தலக்குண்டுக்கு இறங்கினால் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நமக்குச் சில மணி நேரம் மட்டும் கிடைக்கிற அந்தப் பனி, லடாக்கில் ஏறக்குறைய இரண்டு மாதம் நிற்கும். அந்த இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்கள் அணி ஆசிய அளவில் பதக்கம் வென்றிருக்கிறது. 2025 ஜூனில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் முடிந்த மகளிர் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம். ஈரானுக்குத் தங்கம், பிலிப்பைன்ஸுக்கு வெள்ளி.

ஒரு நிமிஷம். ஐஸ் ஹாக்கி நடந்தது பாலைவன நாட்டில். வெள்ளி வாங்கியது, பனியே பெய்யாத பிலிப்பைன்ஸ். இமயமலையை வைத்திருக்கிற நமக்கு மூன்றாம் இடம். இது எப்படி?

இதற்கான பதில் ஆட்டத்தில் இல்லை, ஆஃப் சீசனில் இருக்கிறது. ஆட்டம் இல்லாத அந்த மாதங்களில் ஓர் அணி என்ன செய்கிறது, அதற்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் மேட்டர். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில், ஐஸ் ஹாக்கின்னா என்ன?

நம்ம ஊர் ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர்தான் களத்தில் இருப்பார்கள். பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற தட்டையான ரப்பர் வட்டு. சுமார் 2.5 செ.மீ. கனம், 7.6 செ.மீ. விட்டம். ஒவ்வொன்றும் 20 நிமிடமாக மூன்று பகுதிகள். சர்வதேச அளவில் களம் 60 மீட்டர் நீளம் இருக்கும்.

ஆட்டத்தின் வேகம் காரணமாக ஒரு வீராங்கனை ஒரே மூச்சில் அதிக நேரம் ஆட மாட்டார். 45 விநாடி, மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியே வருவார், அடுத்தவர் உள்ளே போவார். பிறகு மறுபடி இவர். இதை 'ஷிஃப்ட்' என்கிறார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

பெண்களுக்கான ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் நுழைந்தது 1998இல், ஜப்பானின் நகானோ நகரில்.

இந்திய அணி எங்கிருந்து வந்தது?

சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் இந்தியா 1989இலேயே உறுப்பினர். ஆனால் மகளிர் அணி முதல் சர்வதேசப் போட்டிக்குப் போனது 2016இல்தான். தைவானின் தைபே நகரில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை. போக காசு இல்லை. இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் விமானம் ஏறினார்கள். அந்தத் தொடரில் ஒரு வெற்றிகூட இல்லை.

அடுத்த ஆண்டு, 2017 மார்ச். இடம் பாங்காக். பிலிப்பைன்ஸை 4-3 என்று வீழ்த்தியது இந்தியா. மகளிர் அணியின் முதல் சர்வதேச வெற்றி அது. தோற்ற அணியின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

அணியில் பெரும்பாலானவர்கள் லடாக் பெண்கள். அண்மைக் காலமாக இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலிருந்தும் வருகிறார்கள். ஆரம்ப நாட்களில் ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில்தான் இவர்களுக்குக் களம் கிடைத்தது. காலணி, ஹெல்மெட், பேட் எல்லாம் ஒருவருக்கொருவர் மாற்றிப் போட்டுக்கொண்டது.

2018 ஜனவரியில் கனடாவின் ஒலிம்பிக் நட்சத்திரம் ஹேலி விக்கன்ஹைசர் லடாக்குக்கே வந்து இவர்களோடு ஆடினார். அதே ஆண்டு நவம்பரில் கனடாவின் கால்கரி நகரில் அவர் நடத்தும் ஹாக்கித் திருவிழாவுக்கு லடாக் பெண்களை அழைத்தார். வருஷம் முழுக்க ஐஸ் கிடைக்கும் ஊர் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் நேரில் பார்த்தார்கள்.

சரி, ஆஃப் சீசன்னா என்ன? லீவா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ள, இந்த விளையாட்டு நன்றாக வேரூன்றிய ஓர் இடத்தைப் பார்க்கலாம். அமெரிக்கக் கல்லூரிகள்.

அங்கே முதல் பிரிவில் மட்டும் 40க்கும் மேற்பட்ட கல்லூரி மகளிர் அணிகள் இருக்கின்றன. தேசிய சாம்பியன்ஷிப் 2001இல் ஆரம்பித்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2025இல் தன் எட்டாவது பட்டத்தை வென்றது. சீசன் இலையுதிர் காலத்தில் தொடங்கி மார்ச்சில் முடியும். அதாவது ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆஃப் சீசன்.

அந்த ஐந்து மாதத்தில் நான்கு விஷயங்கள் நடக்கும்.

ஒன்று, உடம்பைத் திரும்பக் கட்டுவது. சீசனில் ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவெளி குறைவு, காயத்தோடு சமாளித்து ஆடியிருப்பார்கள். அதையெல்லாம் குணப்படுத்தி, எடைப் பயிற்சியில் கால், இடுப்பு, முதுகு வலுவைக் கூட்டும் நேரம் இது.

இரண்டு, திறமையில் இருக்கும் ஓட்டையை அடைப்பது. 'எனக்கு இடது பக்கம் திரும்புவது வராது' என்றால், போட்டி நடக்கும்போது அதைச் சரிசெய்ய நேரம் கிடையாது. ஆஃப் சீசனில்தான் முடியும்.

மூன்று, அணி மாறுவது. இறுதியாண்டு முடித்தவர்கள் வெளியேறுவார்கள், புது மாணவிகள் வருவார்கள், வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் பெயர் பதிவார்கள். அடுத்த சீசனின் அணி காகிதத்தில் உருவாவது இப்போதுதான்.

நான்கு, காசு. இதுதான் பயங்கரமானது. எந்த அணி இருக்கும், எந்த அணி மூடப்படும் என்ற முடிவும் ஆட்டம் இல்லாத நேரத்தில்தான் வரும். பிட்ஸ்பர்க் அருகே உள்ள ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் 2021 மே மாதம், ஆண்கள், பெண்கள் இரண்டு ஐஸ் ஹாக்கி அணிகளையும் கலைப்பதாக அறிவித்தது. முன்னாள் வீரர்களும் ரசிகர்களும் நிதி திரட்டிப் போராடிய பிறகு 2023இல் அணிகள் திரும்ப வந்தன. நடுவில் இரண்டு சீசன் போச்சு. கல்லூரி வாழ்க்கையே நாலு வருஷம்தான்.

படிப்பு கெடக்கூடாது என்று விதியும் உண்டு. சீசனில் வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம் பயிற்சி. ஆஃப் சீசனில் கல்லூரி நடக்கும் நாட்களில் 8 மணி நேரம். அதற்கு மேல் பயிற்சியாளர் கட்டாயப்படுத்தக் கூடாது.

கவனிக்க வேண்டியது: 8 மணி நேரம் என்பது அங்கே மேல் வரம்பு. பயிற்சி கொடுக்க ஐஸும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், 'போதும், நிறுத்து' என்று சொல்ல விதி தேவைப்படுகிறது.

நம்ம அணிக்கு எப்படி?

அப்படியே தலைகீழ். லடாக்கில் பெரும்பாலான களங்கள் இயற்கையாக உறைகிற குளங்களும், தண்ணீர் பாய்ச்சி உறைய விடும் திறந்தவெளிகளும்தான். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். டிசம்பர் பாதியில் ஐஸ் கெட்டிப்படும். பிப்ரவரி பாதிக்குப் பிறகு அதை நம்பிக் கால் வைக்க முடியாது. வெயில் கொஞ்சம் கூடுதலாக அடித்தால் அதுவும் இல்லை.

அதாவது சீசன் 2 மாதம். ஆஃப் சீசன் 10 மாதம்.

இதில் இன்னொரு சிக்கல், அணியில் இருக்கும் இளம் பெண்களில் பலர் மாணவிகள். லடாக் பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்கு ஜம்மு, சண்டிகர், டெல்லி என்று இறங்கி வருவது வழக்கம். சமவெளிக் கல்லூரிகளின் காலண்டர் லடாக்கின் பனியைப் பார்த்துப் போடப்படுவதில்லை. ஊரில் ஐஸ் கெட்டியாகும் டிசம்பரில் இங்கே செமஸ்டர் தேர்வு. ஊருக்குப் போய் ஆட ஆரம்பிப்பதற்குள் அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடும். அட்டெண்டன்ஸா, ஐஸா? திண்டுக்கல்லில் கல்லூரி அணிக்கு ஆடிய எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கேள்வி தெரிந்ததாகத்தான் இருக்கும். 'ஓ.டி. கிடைக்குமா மேடம்?' என்று துறைத் தலைவர் அறை வாசலில் நின்றவர்கள்தானே நாமும்.

படிப்பு, வேலை, ஆட்டம் மூன்றையும் சேர்த்து இழுத்தவர்களுக்கு ஓர் உதாரணம், அணியின் நீண்ட கால கோல்கீப்பர் நூர் ஜஹான். டெல்லியில் பாரம்பரியப் பாதுகாப்புப் படிப்பு படித்தவர். லடாக்கின் பழைய சுவரோவியங்களையும் கலைப் பொருட்களையும் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் 'ஷெஸ்ரிக் லடாக்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். கோடையில் ஓவியம், குளிரில் கோல் கம்பம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு தேசிய அணியின் கோல்கீப்பர் தன் ஆண்டின் பெரும்பகுதியை ஆட்டத்துக்கு வெளியே சம்பாதித்துதான் ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதும் அதே கதைதான்.

ஐஸ் இல்லாமல் என்னதான் பயிற்சி செய்ய முடியும்?

நிறையவே செய்யலாம். இதை 'ட்ரை லேண்ட்' பயிற்சி என்பார்கள். தரையில் செய்யும் பயிற்சி.

ஷிஃப்ட் முறைக்குத் தயாராக, 45 விநாடி முழு வேக ஓட்டம், ஓய்வு, மறுபடி ஓட்டம். சறுக்கும்போது கால் பக்கவாட்டில் தள்ளும் என்பதால், வழுவழுப்பான பலகையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு இடமும் வலமும் சறுக்கும் 'ஸ்லைடு போர்டு' பயிற்சி. ஸ்டிக்கைப் பிடிக்கும் கைக்கு, சிமென்ட் தரையில் சின்னப் பந்தை உருட்டி உருட்டிப் பழகுவது. கோல்கீப்பருக்கு, சுவரில் அடித்துத் திரும்பி வரும் டென்னிஸ் பந்தைப் பிடிப்பது. அதோடு சக்கர ஷூ போட்டு ஆடும் ரோலர் ஹாக்கி.

உயரத்தில் வாழ்வதால் லடாக் பெண்களுக்கு மூச்சுத் திறன் ஒரு பலம். மெல்லிய காற்றில் ஓடிப் பழகிய நுரையீரல் அது.

ஆனால் ஐஸில் மட்டுமே வருகிற விஷயங்கள் சில உண்டு. ஷூவின் கத்தி விளிம்பில் உடம்பைச் சாய்த்துத் திரும்புவது. வேகமாக வந்து, இரண்டு கத்தியையும் குறுக்கே திருப்பி, பனி சீவித் தெறிக்க 'சரக்'கென்று நிற்பது. சக்கரம் அப்படி நிற்காது. நீச்சல் மாதிரிதான். தரையில் எவ்வளவு கை வீசினாலும் தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது.

அதைவிடப் பெரிய பிரச்சினை மறதி. பிப்ரவரியில் உடம்பு கற்றுக்கொண்டதை டிசம்பரில் முதல் சில வாரம் நினைவுபடுத்தவே செலவழிக்க வேண்டும். இரண்டு மாத சீசனில் அதுவே பெரிய துண்டு. அல் ஐன் போட்டி நடந்த காலத்தையும் பாருங்கள். மே கடைசி, ஜூன் தொடக்கம். லடாக்கின் குளங்களில் பனி உருகிப் பல வாரம் ஆகியிருந்த நேரம். நம்ம அணி தன் ஆஃப் சீசனின் நட்டநடுவில் போய் ஆடி வெண்கலம் வாங்கியிருக்கிறது.

பிலிப்பைன்ஸுக்கு மட்டும் எப்படி முடிந்தது?

மால்.

சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் பதில். மணிலாவின் பெரிய ஷாப்பிங் மால்களில் 1990களிலிருந்தே ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்க் இருக்கிறது. சினிமா பார்க்க, பர்கர் சாப்பிட வருகிற கூட்டம் அப்படியே டிக்கெட் வாங்கிச் சறுக்கிவிட்டுப் போகும். அந்தக் கூட்டத்திலிருந்து சிலர் தினமும் வர ஆரம்பித்தார்கள். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸுக்காக ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இறங்கிய மைக்கேல் கிறிஸ்டியன் மார்டினெஸ், மால் ரிங்க்கில் சறுக்கக் கற்றவர்தான். ஹாக்கி ஆடுபவர்களுக்கும் அதே ரிங்க்குகள்தான் தாய் வீடு.

2017இல் நம்மிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற அணி, 2025இல் நமக்கு மேலே வெள்ளி மேடையில் நிற்கிறது. அவர்களுக்கு ஜூனும் ஒன்றுதான், ஜனவரியும் ஒன்றுதான். மாலில் ஏசி ஓடும்வரை ஐஸ் இருக்கும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆண்கள் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை 2024, 2025 இரண்டு ஆண்டும் வென்றது ஃபுளோரிடா பாந்தர்ஸ். ஃபுளோரிடா என்றால் வெயில், கடற்கரை, பனை மரம். ஐஸ் தளத்தைச் சீவி மெழுகும் 'ஸாம்போனி' வண்டியை 1949இல் ஃபிராங்க் ஸாம்போனி உருவாக்கியதும் வெயில் கொளுத்தும் கலிஃபோர்னியாவில்தான்.

ஆக, இந்த விளையாட்டு குளிர் நாட்டு விளையாட்டாக இருந்தது ஒரு காலம். இன்றைக்கு இது கரன்ட் இருக்கிற நாட்டு விளையாட்டு.

ஐஸ் ரிங்க் எப்படி வேலை செய்கிறது?

ராக்கெட் டெக்னாலஜி எதுவும் இல்லை. நம்ம ஊர் ஐஸ் ஃபேக்டரிக்குள் போயிருக்கிறீர்களா? மீன் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் பார் ஐஸ் வருமே, அந்த இடம். அங்கே ஒரு பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர் இருக்கும். உப்புத் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனாலும் சட்டென்று உறையாது. அதை நன்றாகக் குளிரவைத்து, நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை அதற்குள் இறக்கி வைப்பார்கள். டப்பாவில் இருக்கும் தண்ணீர் பாறையாக உறையும்.

ரிங்க்கும் அதேதான், படுக்க வைத்த வடிவத்தில். கான்கிரீட் தளத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய்கள். குழாய்க்குள் குளிரூட்டிய உப்புக் கரைசலோ, உறையாத வேறு திரவமோ ஓடிக்கொண்டே இருக்கும். மேலே தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளித்து, உறையவிட்டு, மறுபடி தெளித்து, மூன்று செ.மீ. அளவுக்குக் கனம் ஏற்றுவார்கள். செயற்கையாக உறையவைத்த முதல் ரிங்க் லண்டனில் 1876இலேயே வந்துவிட்டது.

தொழில்நுட்பம் 150 வருஷப் பழசு. கஷ்டம் அதில் இல்லை. கம்ப்ரஸர் ராத்திரி பகலாக ஓட வேண்டும். கரன்ட் பில் வந்துகொண்டே இருக்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும்.

இந்தியாவில் அப்படி ஒன்று இல்லையா?

இருக்கிறது. அதன் கதையைக் கேட்டால் கோபம் வரும்.

2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காக உத்தராகண்ட் தலைநகர் டேராடூனில் 'ஹிமாத்ரி' என்ற உள்ளரங்க ஐஸ் ரிங்க் கட்டினார்கள். சர்வதேச அளவுள்ள களம். போட்டி முடிந்தது. பராமரிக்கும் செலவு, கரன்ட் செலவு கட்டவில்லை. ரிங்க்கைப் பூட்டிவிட்டார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். ஆனால் பதினாலு வருஷத்துக்கு ஒரு விளையாட்டையே பூட்டி வைத்ததை இங்கேதான் பார்க்கிறோம்.

அந்தப் பதினாலு வருஷத்துக்குள்தான் மகளிர் அணி பிறந்தது, காசு திரட்டி தைபே போனது, பாங்காக்கில் ஜெயித்தது. இவ்வளவும் நடக்கும்போது நாட்டுக்குள் ஒரு முழு அளவு உள்ளரங்க ரிங்க் சும்மா கிடந்தது.

2025இல் ஹிமாத்ரி சீரமைக்கப்பட்டுத் திரும்பத் திறக்கப்பட்டது. அதே ஆகஸ்டில் ஆசிய ஓப்பன் குறுந்தட வேக ஸ்கேட்டிங் போட்டியும் அங்கே நடந்தது. இனி ஆஃப் சீசனிலும் ஐஸ் பயிற்சிக்கு நாட்டுக்குள் ஓர் இடம் உண்டு. அது வருஷம் முழுக்கத் திறந்திருக்குமா, மகளிர் அணிக்கு எத்தனை வாரம் தருவார்கள், லேயிலிருந்து வந்து தங்கும் செலவு யார் தருவார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இயற்கைப் பனியை மட்டும் நம்பி இனிமேல் ஓட்ட முடியாது என்பதற்குக் காரணம் வேறு உண்டு. சிம்லாவில் 1920 முதல் இயற்கைப் பனியில் இயங்கும் ரிங்க் இருக்கிறது. குளிர்காலம் சூடேறச் சூடேற அங்கே சறுக்கக் கிடைக்கும் நாட்கள் குறைந்துகொண்டே போகின்றன. லடாக்கிலும் பனி தாமதமாக வந்து சீக்கிரம் போவதாகத்தான் பேச்சு. ஆஃப் சீசன் 10 மாதம் என்பது பத்தரை ஆகலாம், பதினொன்று ஆகலாம்.

ஆடினால் வேலை கிடைக்குமா?

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதானே. ஐஸ் ஹாக்கிக்கு இப்போதைக்கு இருக்கும் முக்கியமான வழி, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை. அந்தப் படைக்கு மகளிர் ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்கிறார்கள். மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம், சீருடைக்கு மரியாதை. ஒரு லடாக் கிராமத்து வீட்டில் 'பொண்ணு பனியில் விளையாடிட்டுத் திரியுது' என்ற பேச்சை நிறுத்த அது போதும்.

2020இல் தொடங்கிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் மகளிர் ஐஸ் ஹாக்கிக்கும் இடம் இருக்கிறது. 2022 ஜனவரியில் ஸ்பிதியின் காசா நகரில் தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆட மேடை கூடியிருக்கிறது. ஆனால் எல்லா மேடையும் அந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. மார்ச் வந்தால் ஆட்டமும் இல்லை, ஆட்டத்தால் வரும் வருமானமும் இல்லை.

வெளிநாட்டில் கல்லூரி முடித்த பெண்களுக்கு 2024 ஜனவரியில் தொடங்கிய வட அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக் இருக்கிறது. நம்ம பெண்களுக்கு அது இன்னும் ரொம்பத் தூரம்.

எல்லாம் சரி, திண்டுக்கல்காரிக்கு இதில் என்ன?

நியாயமான கேள்வி. நாளைக்கே மலைக்கோட்டை அடிவாரத்தில் ஐஸ் ரிங்க் வரப்போவதில்லை. வர வேண்டும் என்றும் இந்தக் கட்டுரை கேட்கவில்லை. ஆனால் ஐஸுக்குப் போகும் பாதை ஐஸில்தான் தொடங்க வேண்டும் என்று அவசியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நம்ம ஊர்களில் எங்காவது ஒரு சிமென்ட் தரையில் குட்டிப் பிள்ளைகள் ஹெல்மெட், முட்டிக் கவசம் போட்டு வரிசையாகச் சறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சக்கரத்தில் தமிழ்நாடு ஏற்கெனவே ரொம்ப தூரம் போயிருக்கிறது. 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய மகளிர் அணியில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரி ராஜ் இருந்தார். 2025 செப்டம்பரில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார், சீனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டர் பிரிவில் தங்கம் வென்றார்.

சக்கரத்திலிருந்து பனிக்குத் தாவ முடியுமா? முடியும் என்று காட்டியவர் எரின் ஜாக்சன். ஃபுளோரிடாவின் ஒகாலா ஊர்ப் பெண். சக்கர ஸ்கேட்டிங்கில் வளர்ந்தவர். ஐஸில் பழக ஆரம்பித்துச் சில மாதங்களிலேயே 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2022 பெய்ஜிங்கில் 500 மீட்டர் வேக ஸ்கேட்டிங்கில் தங்கம். அவர் ஆடியது ஹாக்கி இல்லை, வேக ஸ்கேட்டிங். ஆனால் காலின் கதை ஒன்றுதான்.

சிக்கல் எங்கே என்றால், நம்ம ஊரில் அந்தச் சக்கர ஷூ பெரும்பாலும் பத்தாம் வகுப்போடு பரணுக்குப் போய்விடுகிறது. கல்லூரிக்கு வரும்போது பெண்களுக்குக் கபடி, கைப்பந்து, ஹாக்கி, தடகளம் என்று சில வழிகள்தான். அந்த அணிகளுக்கும் ஆஃப் சீசன் என்று ஒன்று முறையாக இருப்பதில்லை. ஏப்ரலில் தேர்வு, மே மாதம் ஹாஸ்டல் மூடல், ஜூனில் திரும்பி வந்து பார்த்தால் போன வருஷம் கட்டிய உடம்பு பாதி காணாமல் போயிருக்கும். அதற்குள் பல்கலைக்கழகப் போட்டித் தேதி வந்துவிடும்.

லே பெண்ணுக்கு ஐஸ் இல்லை. திண்டுக்கல் பெண்ணுக்கு மைதானம் இருக்கிறது, ஆனால் கோடையில் அதன் கேட் பூட்டியிருக்கிறது. பிரச்சினையின் பெயர் வேறு, சாவி ஒன்றுதான்: ஆட்டம் இல்லாத மாதங்களிலும் இடம், பயிற்சியாளர், சாப்பாட்டுக்குக் காசு.

அடுத்து எதைக் கவனிக்கணும்?

இந்திய மகளிர் அணி அடுத்த பதக்கம் வெல்லுமா என்று யாராவது கேட்டால், ஸ்கோரைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டாம். இந்த நான்கைப் பாருங்கள்.

• டேராடூன் ரிங்க் ஏப்ரல் முதல் நவம்பர் வரை திறந்திருக்கிறதா? மகளிர் முகாமுக்கு நாட்கள் ஒதுக்கியிருக்கிறார்களா?

• முகாமுக்கு வரும் மாணவிகளுக்குக் கல்லூரிகள் வருகைப்பதிவில் விலக்கு தருகின்றனவா?

• எல்லைக் காவல் படையைத் தாண்டி வேறு துறைகளும் ஐஸ் ஹாக்கி வீராங்கனைகளை வேலைக்கு எடுக்கின்றனவா?

• 15, 16 வயதுப் பெண்களுக்கு ஷூவும் பேடும் சொந்தமாகக் கிடைக்கிறதா, இன்னும் மாற்றி மாற்றித்தான் போடுகிறார்களா?

நான்கில் இரண்டுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலே, வெண்கலத்தின் நிறம் மாற வாய்ப்பிருக்கிறது. எதற்குமே வராவிட்டால், 2025இல் கிடைத்தது ஓர் அதிசயம் என்று வரலாற்றில் ஒரு வரியோடு முடிந்துவிடும்.

அடுத்த ஜனவரியில் கொடைக்கானல் உறைபனி போட்டோ வரும்போது லைக் போடுங்கள், தப்பில்லை. அதே காலையில் லேயில் ஒரு பெண் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐஸில் இறங்கியிருப்பார். நமக்குப் பனி போக சில மணி நேரம். அவருக்குச் சில வாரம். அதற்குப் பிறகு வரும் பத்து மாதத்துக்கு அவருக்குக் கை கொடுக்க வேண்டியது வானிலை அல்ல, நாம்தான்.